கோகிலாவைக் கூட்டிவரப் போனேன்

மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லித்தான் என்னை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். சொன்னவர் என் மூத்தார் நாச்சிமுத்து, இறந்துபோன என் கணவரின் அண்ணன். கஞ்சிக்கோட்டைத் தாண்டி வாளையாறு போகிற வழியில் எங்கள் ஊர். நெல்லும் தென்னையும்தான் பிழைப்பு. என் ஒரே மகள் கோகிலா கோயமுத்தூரில் நர்ஸிங் படித்துவிட்டு, இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பெண் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று மூத்தார் மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

அவள் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில் இல்லை. வீடு வீடாகப் போய், தனியாக இருக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, ஊட்டிவிட்டு வருவதுதான் வேலை. இதை யாரோ மூத்தாரின் காதில் போட்டுவிட்டார்கள். அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"கண்டவன் பீ மூத்திரம் அள்றதுக்கா புள்ளைய அத்தன படிக்க வெச்சது? மாப்பள ஊட்டுக்காரங்க காதுக்குப் போறதுக்கு முன்னால போயிக் கூட்டியாந்துரு. இங்க வந்து நிச்சயம் பண்ணிப்போட்டா எல்லாம் அடங்கிரும்."

"பாக்கறனுங்க மாமா" என்றேன்.

"பாக்கறேன்" என்று சொல்லி ஒரு வேலையைச் செய்யாமலே இருப்பது எங்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லாரும் கையாளும் முறை. ஒரு பொம்பளையும் அப்படிச் சொல்லக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்தக் கடலோர ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கோகிலா சொல்லியிருக்கிறாள். அவள் போய்வரும் வீட்டுக்காரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாதாம். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

நான் போய் இறங்கியபோது அங்கே இலையுதிர் காலம். கோடையில் கூட்டம் நெரியும் ஊராம். இப்போது ஐஸ்கிரீம் கடைகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள். கடற்கரையில் வரிசையாக நின்ற மரக்குடிசைகளில் பூட்டு தொங்கியது. சாக்கடை வாயெல்லாம் மஞ்சள் இலை. கடல், பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் இருந்தது. கடலே இல்லாத ஜில்லாக்காரி நான். கடல் என்றால் நீலமாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன் போலிருக்கிறது.

எல்லாரும் என்னை மிரட்டியது அந்த ஊர்க் காற்றைச் சொல்லித்தான். இறங்கியதும் அது முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஆடிக் காற்று மலை இடைவெளியில் புகுந்து வந்து ஓட்டைப் பிரித்து எறியும், பனைமரத்தை வளைக்கும். அதில் நின்று நாற்று நட்டவள் நான். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோகிலாவின் மழைக்கோட்டு, காலில் ஆண்பிள்ளை பூட்ஸ் என்று நடந்தேன். பார்த்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கோகிலா ஒரு மாடி வீட்டில் முத்துமாரி என்ற பெண்ணோடு இருக்கிறாள். முத்துமாரிக்கு இடுக்கியில் சூரியநெல்லி. அப்பா அம்மா இருவரும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. அவளும் இதே வேலைதான் பார்க்கிறாள். கதவைத் திறந்தவள் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வாங்க பெரிம்மா! என்ன இம்புட்டு நனைஞ்சு வந்துருக்கீக? இவ கொடைய எடுத்துட்டு வரலையாக்கும்?"

"கொட நின்னாத்தான புடிக்கறதுக்கு?" என்றாள் கோகிலா.

மகளைக் கிட்டத்தில் பார்த்தேன். இளைத்திருந்தாள். கையெல்லாம் வெடித்துச் சொரசொரவென்று இருந்தது. அடிக்கடி கழுவிக் கழுவி அப்படியாம். பெட்டியிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து முதலில் அந்தக் கைக்குத்தான் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் இருவரும் வேலைக்குப் போனதும் நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன். கடைவீதிக்குப் போக எந்த பஸ் என்று கோகிலா சொல்லிவிட்டுத்தான் போனாள். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டேன். வீடுகள் குறைந்தன, ஆடுகள் வந்தன, கடைசியில் ஒரு வெட்டவெளியில் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்து ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "டவுன்" என்றேன். அவர் வந்த வழியைக் கைகாட்டினார். பிறகு தன் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினார். பாலும் சூடும் குறைவு. ஆனாலும் குடித்தேன். திரும்பும்போது அவரே என்னைக் கடைவீதியில் இறக்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

அங்கே மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினேன். காகிதத்தில் சுற்றி, மேலே வினிகர் என்கிற புளிக்காடியை ஊற்றித் தந்தார்கள். வறுவலை நனைத்துத் தின்னும் வழக்கம் எனக்குப் புரியவில்லை. மீன் நன்றாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சையாகக் குழைந்த ஒன்றை வைத்தார்கள். வாயில் போட்டால் பட்டாணிக் கடைசல். கடைந்தவர்கள் தாளிக்க மறந்திருந்தார்கள். கடற்பறவை ஒன்று பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து என் காகிதத்தையே பார்த்தது. எங்கள் ஊர்க் காக்காவுக்கு இருக்கும் கூச்சம்கூட அதற்கு இல்லை.

அந்த வாரத்தில் டோரீன் என்ற அம்மாளைப் பார்த்தேன். கோகிலா தினமும் காலையும் மதியமும் மாலையும் போகிற வீடு அவருடையது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்து, கடலைப் பார்த்த சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். உன் அம்மா வந்திருக்கிறாளாமே, டீ குடிக்கக் கூட்டி வா என்று அவரே கூப்பிட்டிருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் சிவப்புச் சாயம். அது கோணிய வாயில் கொஞ்சம் கோணலாகவே இருந்தது.

அவர் பேசியதைக் கோகிலா எனக்குச் சொன்னாள். மகன் வேறு ஊரில் இருக்கிறானாம். அம்மாவை முதியோர் காப்பகத்தில் விட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம்.

"என்னைத் தூக்கிப் போறதா இருந்தா இந்தக் கதவையும் ஜன்னலையும் கடலையும் சேத்துத் தூக்கிப் போகச் சொல்லுன்னு சொல்றாங்கம்மா."

"நல்லாச் சொன்னீங்க" என்று நான் தமிழிலேயே சொன்னேன். டோரீன் தலையை ஆட்டினார். எங்களுக்குள் அதன்பிறகு மொழி ஒரு தொந்தரவாக இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோகிலா முகம் செத்து வந்தாள். சாப்பிடவில்லை. முத்துமாரிதான் விஷயத்தைச் சொன்னாள். புதிதாக ஒரு கிழவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சட்டையை மாற்றிவிடப் போனவளைத் தட்டிவிட்டு, "உன் கறுப்புக் கையை என் மேல் வைக்காதே" என்று கத்தியிருக்கிறார். அலுவலகத்துக்குப் போன் செய்தால், வயதானவர், கொஞ்சம் பொறுத்துப் போ என்று பதில். நாளைக்கும் அதே வீட்டுக்குப் போக வேண்டும்.

கோகிலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அம்மா, நான் உங்ககூடவே வந்தர்றேன். பெரியப்பா சொல்றதுதான் சரி போல இருக்குது. ஊருக்கெல்லாம் கேவலமாப் போச்சு, இங்கயும் கேவலம். எதுக்கு இந்த வேல?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் வரமாட்டேன் என்பாள், சரி என்று நான் தனியாகத் திரும்பிப் போய் மூத்தாரிடம் கைவிரித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். வந்துவிடுகிறேன் என்று அவளே சொன்னால், பெற்றவள் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வா கண்ணு என்று சொல்லத்தான் வாய் வந்தது. வெடித்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"இங்க பாரு அம்மிணி. சலிச்சுப் போச்சு, ஒடம்பு முடியல, அதனால வர்றன்னா இப்பவே கெளம்பு. அது உன்ற ஊடு. எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன். ஆனா வெக்கப்பட்டு வர்றதா இருந்தா வராத. நீ வெக்கப்படற மாதிரி ஒண்ணும் பண்ணுல."

முத்துமாரி சோற்றுத் தட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்ல யாரும் இப்பிடிப் பேச மாட்டாக பெரிம்மா. எங்கம்மா கொழுந்து எடுக்கு, அட்ட கடிக்கி. நா இங்க மனுசரத் தூக்கி உக்கார வைக்கேன். எங்கப்பா எஸ்டேட்டு லயம் பூராச் சொல்லிட்டுத் திரியுதாரு, எம் மக சீமையில வேல பாக்கான்னு. இவுக பெரியப்பாவுக்கு நெலம் இருக்குல்ல, அதான் வெக்கமும் இருக்கு."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். அவர்கள் ஏதேதோ சொன்னார்கள். இவள் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அப்படியும் ஊருக்கு வருகிறேன் என்றதை அவள் வாபஸ் வாங்கவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். குளிர்காலத்துக்காக அரசாங்கமே செய்கிற ஏற்பாடாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சமையலறைச் சுவர்க் கடிகாரத்தை நம்பி நான் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று, வராத பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாய் ஒன்றை நடத்திக்கொண்டு வந்த ஆள் என்னிடம் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி விளக்கினார். ஒரு நாட்டுக்கே நேரத்தை மாற்ற முடிகிறது, ஒரு கல்யாணப் பேச்சுக்காக என் மகள் தன் வேலையை மறைக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. எரிச்சலோடு வீட்டுக்கு வந்து அரிசியும் பருப்பும் ஊற வைத்தேன்.

புயல் வந்தது செவ்வாய்க்கிழமை. விடியும்போதே மின்சாரம் போய்விட்டது. பஸ்கள் ஓடவில்லை. கடல், சாலைத் தடுப்புச் சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. முந்தின நாள் இரவு வேலைக்குப் போன முத்துமாரி தூரத்தில் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டாள். கோகிலா பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"டோரீன் ஊட்டுக்கு நடந்தே போறம்மா. ஆள் வரலீன்னா மதியத்துக்குள்ள அவங்க பையன் வண்டிய அனுப்பிக் காப்பகத்துக்குக் கொண்டு போயிருவாரு. ஒருக்கா போனா மறுக்காத் திரும்பி விடமாட்டாங்கன்னு அவங்களுக்குப் பயம்."

"சித்த பொறு" என்றேன். கேஸ் அடுப்பு இருந்ததால் அரிசிம்பருப்புச் சாதம் தயாராக இருந்தது. தூக்குப் பாத்திரத்தில் போட்டுத் துண்டால் சுற்றினேன்.

"நீங்க எதுக்கும்மா? காத்து தூக்கிப்போடும்."

"என்னையா?"

சுவரைப் பிடித்துக்கொண்டு போனோம். வழியில் ஒரு குப்பைத்தொட்டி எங்களைத் தாண்டி ஓடியது. உப்புத் தண்ணீர் கண்ணில் அடித்தது. ஒரு திருப்பத்தில் அவள் சறுக்கினாள், நான் பிடித்தேன். அடுத்த திருப்பத்தில் நான் சறுக்கினேன், அவள் பிடித்தாள். பாத்திரத்தை மட்டும் இருவருமே விடவில்லை.

டோரீன் கட்டிலில் கிடந்தார். வீடு சில்லென்று இருந்தது. படுக்கை நனைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் என்னவோ முணுமுணுத்தார். லேட்டாக வந்திருக்கிறாய் என்றாராம்.

அன்றுதான் என் மகள் வேலை செய்வதை முதன்முதலாகப் பார்த்தேன். எதைத் தொடுவதற்கு முன்னாலும் சொல்லிவிட்டுத் தொட்டாள். ஒரு பக்கம் துடைக்கும்போது மறுபக்கத்தைத் துண்டால் மூடினாள். அந்த அம்மாளின் உடம்பு ஒரு நொடிகூடத் திறந்து கிடக்கவில்லை. என் கணவர் நோயில் விழுந்து கிடந்த காலம் நினைவுக்கு வந்தது. அப்போது மூத்தார் தினமும் வருவார், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நிலைப்படியிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போவார். உள்ளே வந்து அப்பாவைப் புரட்டிப்போட்டுத் துடைத்தவள் கோகிலா. அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இது கேவலமான வேலை என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

உலர்ந்த துணி உடுத்தி நாற்காலியில் உட்கார வைத்ததும், டோரீன் கையை நீட்டி உதட்டுச் சாயத்தைக் கேட்டார். கோகிலா பூசிவிட்டாள். நான் சாதத்தைக் கிண்ணத்தில் போட்டு நெய் விட்டேன். அவர் ஒரு கரண்டி வாயில் போட்டார். மென்றார். இன்னொரு கரண்டி கேட்டார்.

அப்போது வண்டி வந்தது. மழைக்கோட்டுப் போட்ட இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மகன் அனுப்பியதாகச் சொன்னார்கள். டோரீன் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, கோகிலாவிடம் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

"என்ன சொன்னாங்க அம்மிணி?"

"நான் சாப்டுட்டு இருக்கேன், காத்து வருது, கதவச் சாத்திட்டுப் போங்கன்னாங்க."

அன்று மாலை காற்று கொஞ்சம் அடங்கிய பிறகு திரும்பி நடந்தோம். சாலை முழுக்கக் கடற்பாசியும் கூழாங்கல்லுமாகக் கிடந்தது. கோகிலா என் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் போங்கம்மா. எனக்கு இன்னும் சலிக்கல."

"செரி கண்ணு" என்றேன். அழுகை வந்தது. காற்று போதுமான அளவுக்கு இருந்ததால் முகத்தைத் துடைத்துக்கொள்ள அவளிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கோயமுத்தூரில் நான் தனியாக இறங்கியதைப் பார்த்து மூத்தார் வாளையாறு வரைக்கும் வாயே திறக்கவில்லை. பிறகு சொன்னார்: "லீவு கெடைக்கலீன்னு சொல்லீரலாம். ஞாயித்துக்கெழம மாப்பள ஊட்டுக்காரங்க வர்றாங்க. நீ வாயத் தொறக்காத."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, தாய்மாமன் மூவரும் வந்தார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். காபி கொடுத்தேன். மூத்தார் லீவுக் கதையைத் தொடங்கினார். பெண்ணுக்கு எந்த வார்டில் வேலை என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். மூத்தார் தடுமாறினார்.

"வார்டெல்லாம் இல்லீங்க" என்றேன். "ஊடு ஊடாப் போறா. நடக்க முடியாத பெரியவங்களக் குளிக்க வெக்கறா, தொடச்சு விடறா, துணி மாத்தறா, சோறு ஊட்டறா. நான் கூட இருந்து பாத்துட்டுத்தான் வந்தேன்."

மூத்தாரின் முகம் கறுத்தது. மாப்பிள்ளையின் அம்மா தயங்கிக் கேட்டார்: "ஏனுங்க, ஆம்பளைங்களுக்குமா?"

"ஆமாங்க. ஆம்பளைங்களுக்கும் முதுகு அழுக்காகுமில்லைங்க."

தாய்மாமன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கோணுங்க. அதுக்குத்தான் இப்பச் சொல்றேன். அங்க ஒருத்தருக்கு எம் புள்ள கையி கறுப்பாத் தெரிஞ்சுது. இங்க நம்ம சனத்துக்குத் தீட்டாத் தெரியுது. அந்தக் கைய மறச்சு வெச்சுக் கல்யாணம் பண்ணித்தர எனக்கு மனசில்லீங்க. இது தெரிஞ்சும் வேணும்னா அவளக் கேளுங்க. அவளுக்கும் புடிச்சா நடக்கட்டும்."

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அவர்கள் யோசிக்கப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாசலில் என் கையை ஒரு நிமிடம் பிடித்துவிட்டுப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கார் போனதும் மூத்தார் எழுந்து நின்றார். "குடும்ப மானத்த வாங்கிட்டயே! இனி இந்த ஊட்டுப் படி மிதிச்சன்னா ஏன்னு கேளு."

"செரிங்க மாமா. செருப்பு அக்கட்டக் கெடக்குது, பாத்துப் போங்க."

அவர் போனார். நான் கோகிலாவைக் கூப்பிட்டேன். அங்கே அப்போது காலை. போனில் காற்று இரைந்தது.

"போயிட்டாங்களா?" என்றாள்.

"எல்லாருமே போயிட்டாங்க."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. "அம்மா, பஸ் வந்திருச்சு, வெக்கட்டுமா?" என்றாள்.

"ஏறு அம்மிணி" என்றேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்க வயலுக்குப் போனேன்.